‘ஒங்க ஆளுங்களுக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது’: நிரோத், சேரி, நம் எழுத்து

தலித் பெண்களின் தன்வரலாறுகள் பற்றிய ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை உடலைப் பற்றியே பேச்சு. உடலரசியல், உடல்மொழி, உடலைக் கொண்டாடுதல். நானும் பேசினேன். முடிகிற நேரத்தில் எழுந்து, "இங்க கல்யாணமான தோழர்கள் பாதிப்பேருக்கு மேல இருக்கீங்க. நிரோத் போடுறவங்க யாரு, போடாதவங்க யாரு, ஏன் போடல? இதப்பத்தி நாம பேசியிருக்கமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிப்பு. ஒரு மூத்த தோழர், "அது சொந்த விஷயம் தோழர், இலக்கியத்துக்கு வாங்க" என்று முடித்து வைத்தார்.

தனிக்குவளையில் டீ குடித்ததும், வாத்தியார் சாதியைச் சொல்லித் திட்டியதும் ஒரு காலத்தில் சொந்த விஷயமாகத்தான் இருந்தன. அவற்றைப் பொது விஷயமாக ஆக்கியதுதான் தலித் இலக்கியம் செய்த காரியம். 1992-ல் 'கருக்கு' வந்தபோதும் 1994-ல் 'சங்கதி' வந்தபோதும், இதையெல்லாம் எழுதலாமா, இந்தப் பேச்சில் எழுதலாமா என்று கேட்டவர்கள் உண்டு. எழுதிய பிறகுதான் எழுதலாம் என்று தெரிந்தது. அந்தத் தைரியத்தில் என் சொந்த விஷயத்தை வைத்தே இங்கே விமர்சனம் செய்கிறேன். விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்ளும் பிரதிகள் மூன்று. அரசாங்கம் சுவரில் எழுதியது, ஆஸ்பத்திரியில் வாயால் சொன்னது, நம் தோழர்கள் சொல்லாமல் விட்டது.

1

எங்கள் காலனிக்கும் ஊருக்கும் நடுவில் துணை சுகாதார நிலையம். அதன் சுவரில் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணம். பக்கத்தில் நாலு முகங்கள்: அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பொண்ணு. கீழே 'அளவான குடும்பம் வளமான வாழ்வு.' எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் நான் படித்த முதல் வாக்கியங்களில் அது ஒன்று. அந்த அப்பாவுக்கு வாரிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. அம்மாவுக்குத் தலை நிறையப் பூ. நாலு பேருக்கும் ஒரே வெளுத்த நிறம். எங்கள் தெருவில் அப்படி நாலு பேர் பகல் நேரத்தில் சேர்ந்து நின்று யாரும் பார்த்ததில்லை. அப்பா கரும்பு வெட்டப் போயிருப்பார், அம்மா நடவுக்குப் போயிருக்கும்.

இந்த வாக்கியத்தை இப்போது திருப்பிப் படிக்கிறேன். அளவாகப் பெற்றால் வளமாக வாழலாம் என்றால், நீ வளமாக இல்லாததற்குக் காரணம் நீ அளவில்லாமல் பெற்றதுதான் என்று அர்த்தம். நிலம் யாரிடம் இருக்கிறது, கூலியை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி அந்தச் சுவரில் இல்லை. என் ஆயாவுக்குப் பிள்ளைகள் ஏழு. அம்மாவுக்கு மூணு. எனக்கு ஒண்ணு. அளவாகிக்கொண்டேதான் வந்திருக்கிறோம். மூன்று தலைமுறையாக நிலம் மட்டும் ஒரு சென்ட் கூட வரவில்லை.

நிரோத் வந்தது 1968-ல். மூன்று உறை பதினைந்து காசு. டீத்தூள், சோப்பு, பேட்டரி விற்கிற பெரிய கம்பெனிகளின் வண்டிகளிலேயே ஏற்றிப் பெட்டிக்கடை வரைக்கும் அனுப்பினார்கள். 1969-ல் திருவனந்தபுரத்தில் அரசாங்கத்தின் இந்துஸ்தான் லேடக்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பெயர் சமஸ்கிருதம், தடுத்தல் என்று பொருள். பௌத்தத்தில் துக்கம் நீங்குவதற்கும் நிரோதம் என்றுதான் பெயர், நான்கு உண்மைகளில் மூன்றாவது. எங்கள் தெருவில் நீங்கியது பிள்ளைகளின் துக்கம்தான். பலூன் வாங்கக் காசில்லாத எங்களுக்கு அதுதான் பலூன்.

நர்சம்மா மாசத்துக்கு ஒருமுறை வருவார். தெருமுனையோடு சரி. அங்கிருந்தே கூப்பிட்டு, நீட்டிய கையில் தன் கை படாமல் மேலேயிருந்து போடுவார். எதற்கு, எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. ஆம்பளைகளிடம் சொல்ல அவருக்குக் கூச்சம், பொம்பளைகளிடம் சொல்ல நேரமில்லை. ஆனால் நோட்டில் எழுத எண்ணிக்கை வேண்டும். எந்த முறைக்கு எத்தனை பேர் என்று மேலேயிருந்து இலக்கு வைக்கிற வழக்கம் நாடு முழுக்க 1996 ஏப்ரலில்தான் கைவிடப்பட்டது. அதுவரை நோட்டுப் புத்தகத்தில் எங்கள் தெரு ஆம்பளைகள் நிரோத் போட்டுக்கொண்டிருந்தார்கள். தெருவில் நாங்கள் ஊதிக்கொண்டிருந்தோம்.

பொருள் சேரிக்கு வந்தது, அதைப் பற்றிய அறிவு வரவில்லை. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. உறையைக் கையில் கொடுத்து விளக்குவதென்றால் வாங்குகிறவனிடம் உட்கார்ந்து பேச வேண்டும். இவன் நாளைக்கும் நினைவு வைத்துச் செய்வான் என்று நம்ப வேண்டும். கத்திக்கு அந்த நம்பிக்கை தேவையில்லை. ஒருநாள் படுக்க வைத்தால் போதும். 1971-ல் எர்ணாகுளத்தில் ஒரே மாதத்தில் அறுபதாயிரம் ஆண்களுக்கு மேல் முகாம் போட்டு அறுத்தார்கள். நெருக்கடி நிலையில் 1976-77-ல் மட்டும் நாடு முழுக்க 82 லட்சம் பேர், பெரும்பாலோர் ஆண்கள். 1977 தேர்தலில் ஆண்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். அதன் பிறகு 'குடும்பக் கட்டுப்பாடு' 'குடும்ப நலம்' என்று பெயர் மாறியது. கத்தி பொம்பளைகள் பக்கம் திரும்பியது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேசன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் ஆபரேசன் 0.3 சதவீதம். உறை 9.5. தமிழ்நாட்டில் ஆபரேசன் செய்துகொண்ட பெண்கள் பாதிக்கும் மேல்.

2

2003 வாக்கில் ஊரெல்லாம் ஒரு கேள்வி ஒட்டியிருந்தது: 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' நான் அப்போது பள்ளிக்கூடத்தில். இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினரால். அந்த நோய்க்கு எதிரான பிரச்சாரம் பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிரச்சாரம் உறைக்கு ஒரு புது அர்த்தத்தைக் கொடுத்துவிட்டது. உறை என்றால் வெளியே போகிற ஆம்பளை, உறை என்றால் 'அந்த மாதிரி' பொம்பளை. சுவரில் இருந்த நாலு முகக் குடும்பத்தின் வீட்டில் அதற்கு இடமில்லாமல் போயிற்று. பொண்டாட்டி கேட்டால் புருசனைச் சந்தேகப்படுகிறாள். புருசன் வாங்கி வந்தால் எங்கேயோ போய்வந்திருக்கிறான்.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் கம்பராமாயணம் நடக்கும். ஆரணிய காண்டம் என்று ஆசிரியர் சொன்ன உடனே பின்வரிசைப் பையன்கள் சிரிப்பார்கள். பெண்கள் குனிந்துகொள்வோம். இரண்டு வருடம் ஆறு காண்டத்தையும் படித்தேன். அவர்கள் எதை நினைத்துச் சிரித்தார்களோ அதைப் பற்றி உருப்படியாக ஒரு வரி யாரும் சொல்லித் தரவில்லை.

என் கல்யாணம் சீர்திருத்தக் கல்யாணம். தாலி இல்லை, அம்பேத்கர் பெரியார் படம் வைத்து உறுதிமொழி. துணைவரும் இயக்கத் தோழர்தான். முதல் பிள்ளை பிறந்து ஆறு மாசம் கழித்து நான் நிரோத் பேச்சை எடுத்தேன். அவர் முதலில் கேட்டது, "என்னை சந்தேகப்படுறியா?" அடுத்து, "சாக்லேட்ட பேப்பரோட திங்கிற மாதிரி." மூணாவது, "நீயே ஏதாச்சும் பண்ணிக்கயேன்." இந்த மூன்று வாக்கியங்களையும் பிற்பாடு எத்தனையோ பெண்களின் வாயிலிருந்து அப்படியே கேட்டிருக்கிறேன். எல்லா வீட்டுக்கும் யாரோ எழுதிக் கொடுத்த வசனம் போல இருந்தது.

அப்புறம் அவர் ஒத்துக்கொண்டார். பேசிப் பேசித்தான். ஒத்துக்கொண்ட பிறகு தெரிந்தது, இது எங்கள் இரண்டு பேர் மனசு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை என்று. மெடிக்கல் ஷாப் ஊர்த்தெருவில். கடைக்காரர் கறுப்புக் கவரில் போட்டுக் கொடுப்பார். அடுத்த நாள் அது ஊருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தொகுப்பு வீடு, ஒரே அறை. மாமியார், கொழுந்தன், நாங்கள், குழந்தை. பாக்கெட்டை எங்கே வைப்பது? ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைத்தேன். முடிந்த பிறகு எங்கே போடுவது? கக்கூஸ் இல்லாத வீடு அப்போது. காகிதத்தில் சுற்றி, விடிவதற்குள் முள்ளுக்காட்டில் போய்ப் புதைத்துவிட்டு வருவேன். நாய் கிளறிவிடுமோ என்ற பயத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். தனியறையும் கதவும் தண்ணீரும் குப்பைக்கூடையும் இருக்கிறவர்களை மனதில் வைத்துச் செய்த பொருள் அது.

ஒருநாள் கிழிந்தது. அடுத்த மாசம் தள்ளிப்போயிற்று.

ஏன் கிழிந்தது என்று வெகுநாள் கழித்து ஒரு பயிற்சி முகாமில் தெரிந்துகொண்டேன். ரப்பர்பாலில் செய்த உறைக்கு எண்ணெய் ஆகாது. தேங்காயெண்ணெய் பட்டால் சில நிமிடத்திலேயே ரப்பர் இளகி வலுவிழந்துவிடும். நாங்கள் தேங்காயெண்ணெய்தான் தடவினோம். வீட்டில் வேறென்ன இருக்கும்? வெயில் காய்கிற ஓட்டடியில் மாசக்கணக்கில் செருகி வைத்திருந்ததும் தப்பு. சூட்டிலும் ரப்பர் கெடும். உறையில் தேதி போட்டிருக்கும், அதைப் பார்க்க வேண்டும். நுனியில் காற்று நிற்காமல் கிள்ளிப் பிடித்துப் போட வேண்டும். முடிந்த உடனே, தளர்வதற்கு முன்பே, அடியைப் பிடித்துக்கொண்டு எடுத்துவிட வேண்டும். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடப் பேச்சு. நூறு தம்பதிகள் ஒரு வருடம் முழுக்கத் தப்பில்லாமல் பயன்படுத்தினால் இரண்டு பேருக்குத்தான் கரு தங்கும் என்கிறார்கள். நடைமுறையில் மனிதர்கள் பயன்படுத்துகிற விதத்தில் அது பதின்மூன்று ஆகிறது. இரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருப்பது அந்த இரண்டு நிமிடப் பேச்சும், கதவுள்ள ஓர் அறையும்.

3

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைக்கு ஒன்றரை வயது. இன்னொன்று இப்போது முடியாது என்றேன். சீட்டு எழுதிய அம்மா ஊர், தெரு எல்லாம் கேட்டார். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். நிரோத் கிழிந்துவிட்டது என்று நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இங்க பாரும்மா, நிரோத் எல்லாம் ஒங்க ஆளுங்களுக்கு சரிப்பட்டு வராது. குடிச்சிட்டு வருவான், எங்க மாட்டுவான்? பேசாம ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போடு. கலைச்சிட்டு அப்படியே பண்ணிடுவாங்க. பணமும் வரும்." எனக்கு ஒரே பிள்ளைதான், ஆபரேசன் வேண்டாம் என்றேன். "அப்பன்னா கலைக்க முடியாது, போ."

இந்த வாக்கியத்தை விமர்சகராக நின்று படித்துப் பார்க்கிறேன். என் துணைவர் குடிப்பதில்லை. அதை அவர் கேட்கவில்லை; தெருவைக் கேட்டதோடு சரி. சேரி ஆம்பளைக்கு நிதானம் இருக்காது, சேரிப் பொம்பளைக்கு அவனை நிறுத்திக் கேட்கிற வாய் இருக்காது, ஆகவே இவர்களுக்குத் திரும்ப முடியாத வழிதான் சரி. அந்த ஒரு வரிக்குள் இவ்வளவும் இருக்கிறது. கர்ப்பக் கலைப்புச் சட்டம் 1971-லேயே, மணமான பெண்ணோ அவள் கணவனோ பயன்படுத்திய கருத்தடை தவறினால் அதையே காரணமாக ஏற்கலாம் என்று சொல்லிவிட்டது. 2021 திருத்தத்தில் 'மணமான' என்ற சொல்லும் போய், எந்தப் பெண்ணாக இருந்தாலும் என்று ஆனது. ஆபரேசனுக்கு ஒத்துக்கொண்டால்தான் கலைக்கலாம் என்று அந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. அன்றைக்கு எனக்கு இது தெரியாது. கம்மலை அடகு வைத்து எட்டாயிரம் ரூபாயோடு தனியார் டாக்டரிடம் போனேன்.

பணமும் வரும் என்றாரே, அதையும் பார்க்க வேண்டும். 2007-ல் மத்திய அரசு திருத்திய இழப்பீட்டுத் திட்டத்தில், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேசன் செய்துகொள்ளும் பெண்ணுக்கு 250 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால், அல்லது பட்டியல் சாதி, பழங்குடியாக இருந்தால் 600 ரூபாய். நடவுக் கூலியில் எங்களுக்குக் கூடுதல் கிடையாது. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டால் கிடையாது. எங்கள் கருப்பைக்கு மட்டும் 350 ரூபாய் கூடுதல் விலை. ஏழைக்கு உதவிதானே என்று சொல்வார்கள். உதவி என்றால் மூன்று வேளைச் சோறும் பதினைந்து நாள் ஓய்வும் கொடுத்திருக்கலாம். என் அம்மா ஆபரேசன் ஆன பத்தாம் நாள் நெல் மூட்டை தூக்கியது.

2014 நவம்பரில் சத்தீஸ்கர் பிலாஸ்பூர் பக்கம் ஒரு முகாமில் ஒரு டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேசன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். எல்லாரும் ஏழைகள், பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள். 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்குள் முகாம் முறையை நிறுத்தச் சொன்னது. முகாமை நிறுத்தச் சொல்லலாம். 'ஒங்க ஆளுங்களுக்கு' என்கிற வாயை எந்தத் தீர்ப்பு நிறுத்தும்?

4

இதுவரைக்கும் சொன்னதற்குத் தோழர்கள் கைதட்டுவார்கள். அரசு, சாதி, ஆஸ்பத்திரி எல்லாம் நமக்குப் பழக்கப்பட்ட எதிரிகள். இனி வருவது நம்மைப் பற்றியது.

ஆஸ்பத்திரியில் கேட்டதை அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா ஆறுதல் சொல்லவில்லை. "அறுத்துக்கிட்டா நிம்மதிடி. அதுக்கப்புறம் எவன்கிட்டயும் கேக்க வேணாம் பாரு" என்றது. எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். அம்மா கத்தியை விரும்பிப் போகவில்லை. ராத்திரிக்கு ராத்திரி அப்பாவிடம் கெஞ்சுவதைவிட ஒருமுறை வயிற்றை அறுத்துக்கொள்வது மேல் என்று கணக்குப் போட்டிருக்கிறது. அந்தக் கணக்கை அம்மா போடும்படி செய்தது அரசாங்கம் மட்டும்தானா? நம் வீட்டு ஆம்பளைக்கு அதில் பங்கில்லையா?

'ஒங்க ஆளுங்களுக்கு சரிப்பட்டு வராது' என்று அந்தம்மா சொன்னது சாதித் திமிர். ஆனால் நம் தோழர் ஒவ்வொரு ராத்திரியும் உறையைத் தள்ளிவிடும்போது அந்த வாக்கியத்துக்கு ஒரு சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். மேடையில் சேரி ஆணின் கௌரவத்துக்காகத் தொண்டை கிழியப் பேசுகிறவர், பொண்டாட்டியிடம் "நீயே ஏதாச்சும் பண்ணிக்க" என்கிறார். இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், ஜனத்தொகைதான் நம் பலம், அதைக் குறைப்பது மேல்சாதிச் சதி என்று கொள்கை விளக்கம் கொடுக்கிறார்கள். பலத்தைப் பெற்றெடுக்கிறவளை இவர்கள் கேட்டார்களா?

இவர்கள் படம் மாட்டியிருக்கிற தலைவர் கேட்டார். 1938 நவம்பர் 10 அன்று பம்பாய் சட்டசபையில் கருத்தடைத் தீர்மானம் வந்தது. முன்வைத்தவர் சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் பி.ஜே. ரோஹம், உரை அம்பேத்கருடையது. தீர்மானம் தோற்றது. அந்த உரை பிள்ளை பெறுகிறவளின் வலியையும் உடம்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பேசுகிறது. அதற்கு நாலு வருடம் முன்பு, பாலியல் பற்றி வெளிப்படையாக எழுதியதற்காக ஆபாச வழக்கில் மாட்டிய ர.தோ. கார்வேவுக்காக வக்கீலாக நின்றவரும் அவரே. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்த மார்கரெட் சாங்கரிடம் காந்தி புலனடக்கத்தைத்தான் வழியாகச் சொன்னார். பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடைக்கு மற்றவர்கள் சொல்லும் காரணங்களிலிருந்து தன் காரணத்தைப் பிரித்துக் காட்டினார். அவர்கள் நாட்டின் வறுமைக்காக, பெண்ணின் ஆரோக்கியத்துக்காக வேண்டும் என்றார்கள். அவர் பெண்ணின் விடுதலைக்காக வேண்டும் என்றார். அரசாங்கச் சுவரில் இருப்பது முதல் காரணம். நம் இயக்கத்தின் சுவரில் பெரியார் சொன்ன காரணத்தை யாரும் எழுதவில்லை.

நிரோத்தை நான் கொண்டாடவில்லை. அது பெண்ணின் கையில் இருக்கிற சாதனம் இல்லை. ஆணின் சம்மதத்தைத் தினம் தினம் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அதன் பலவீனம் அதுதான். எனக்கு அதன் அரசியலும் அங்கேதான் தெரிகிறது. ஆபரேசன் பேச்சை ஒரேயடியாக முடித்துவிடுகிறது. ஆம்பளை அதற்குப் பிறகு எதையும் யோசிக்க வேண்டாம். நிரோத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் பேசியாக வேண்டும். கலைத்துவிட்டு வந்து ஒரு மாசம் நான் பக்கத்தில் படுக்கவில்லை. அதற்குப் பிறகு அவரே கடைக்குப் போனார், கறுப்புக் கவர் வேண்டாம் என்று சொல்லிக் கையில் வாங்கி வந்தார். அவர் வாங்க மறந்த ராத்திரிகளில் 'இன்னிக்கு வேணாம்' என்று என்னால் சொல்ல முடிந்தது. அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் ஆயாவுக்கும் அம்மாவுக்கும் வாய்க்காத ஒரு வாக்கியம் எனக்கு வாய்த்தது. ஊரில் நின்று செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று என் தாத்தா சொன்னதை எவ்வளவு பெரிதாக எழுதுகிறோமோ, அவ்வளவு பெரிதாக இதையும் எழுத வேண்டும் என்கிறேன்.

அதனால் அந்த மூத்த தோழருக்கு என் பதில் இதுதான். நான் இலக்கியத்தில்தான் இருக்கிறேன். நம் சாட்சியங்களில் அடித்தவன் பெயர் இருக்கிறது, அடிபட்ட உடல் இருக்கிறது. ராத்திரியில் நம் வீட்டுக்குள் யார் யாரிடம் எதைக் கேட்டார்கள், என்ன பதில் கிடைத்தது என்பதும் வர வேண்டும். இதைப் பெண்கள்தான் எழுத வேண்டும் என்றில்லை. முதலில் ஆண் தோழர்கள் எழுதட்டும். போட்டீர்களா, போடவில்லையா, கேட்டவளிடம் என்ன சொன்னீர்கள். உண்மையான பெயரில் எழுதக் கூச்சமென்றால் புனைபெயரில் எழுதுங்கள். அடுத்த கலந்துரையாடலில் அதை நான் வாசிக்கிறேன்.